புறாவால் வெட்டும் யந்திரம்

மேசையின் இழுப்பறையை ஒரு நாளைக்கு எத்தனை முறை இழுக்கிறோம், எத்தனை முறை தள்ளி மூடுகிறோம் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. காகிதமும் கணக்கேடும் நிரம்பிக் கனத்துப்போன இழுப்பறையின் கைப்பிடியைப் பற்றி இழுக்கும்போது, அந்த இழுப்பின் விசை முழுவதும் முன்பலகையைப் பக்கப்பலகைகளிலிருந்து பிய்த்தெடுக்கும் திசையிலேயே செல்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பார்த்தால், நல்ல மேசைகளின் இழுப்பறைகள் இரண்டு மூன்று தலைமுறை கடந்தும் இறுக்கம் குலையாமல் நிற்பது எங்ஙனம் என்ற கேள்வி எழாமல் இராது. ஆணியடித்துச் செய்த மலிவுச் சாமான்களில் சில வருஷங்களிலேயே முன்பலகை கையோடு கழன்று வந்துவிடுகிறது. நல்ல மேசையிலோ அந்த இடத்தில் ஆணியும் இல்லை, திருகும் இல்லை. இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்துப் பக்கவாட்டில் நோக்கினால், இரண்டு பலகைகளும் சேரும் மூலையில், அடியில் ஒடுங்கி நுனியில் அகன்ற சிறு சிறு வடிவங்கள் வரிசையாகக் கோத்துக்கொண்டிருப்பது தெரியும். விசையைத் தாங்குவது அந்த வடிவமே.

இதற்குப் புறாவால் இணைப்பு என்று பெயர். பட்டறைகளில் டவ்டெயில் என்றே சொல்லுவார்கள். பக்கப்பலகையின் முனையில் செதுக்கப்படும் அகன்ற நுனிகளை வால்கள் என்றும், முன்பலகையில் அவற்றுக்கு இடையே புகுந்து நிற்கும் பகுதிகளை முளைகள் என்றும், வால்கள் சென்று அமரும் பள்ளங்களைக் குடைவுகள் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். வாலின் நுனி அதன் அடியைவிட அகலமாக இருப்பதால், முன்னோக்கி இழுக்குந்தோறும் அது முளைகளின் சரிவான பக்கங்களில் மேலும் இறுகுமேயன்றிக் கழலாது. பக்கவாட்டில் நகர்த்தினால் மாத்திரமே வெளிவரும். அந்தத் திசையில் இழுப்பறையை எவரும் இழுப்பதில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மரச்சாமான்களிலேயே இவ்விணைப்பு காணப்படுகிறது என்றால், இதன் சூட்சுமத்தை மனிதன் எவ்வளவு தொன்மையான காலத்திலேயே கண்டுகொண்டான் என்பது விளங்கும்.

வடிவத்தின் சாமர்த்தியம் ஒருபுறமிருக்க, மரத்தின் சுபாவமும் இதற்குத் துணை நிற்கிறது. மரம் என்பது ஈர்க்குகளைச் சேர்த்து இறுகக் கட்டிய கட்டைப் போன்றது. நார்கள் ஓடும் திசையில் அதற்குள்ள பலம் வேறு, குறுக்குத் திசையில் உள்ள பலம் வேறு. நார்களின் வெட்டுமுகத்தில் பசை பூசினால், திறந்து கிடக்கும் நுண்துளைகள் அதை உறிஞ்சிக்கொள்வதால் பிடிப்பு உண்டாவதில்லை; நார்களின் நெடும்பக்கத்தில் பூசினால் மரமே கிழிந்தாலும் பசை விடாது. இரண்டு பலகைகளை மூலையில் வெறுமனே முட்டவைத்து ஒட்டினால், ஒன்றன் வெட்டுமுகமே மற்றொன்றைத் தொடுகிறது. புறாவால் இணைப்பிலோ வாலின் பக்கமும் முளையின் பக்கமும் நெடும்பக்கங்களாகவே சந்திக்கின்றன. அன்றியும், மழைக்காலத்தில் மரம் ஈரத்தை ஏற்று உப்பும்போது நார்களின் குறுக்கேதான் உப்புகிறது. இழுப்பறையின் இரண்டு பலகைகளுக்கும் அந்தக் குறுக்குத்திசை ஒன்றாகவே அமைவதால், இரண்டும் சேர்ந்தே உப்பி, சேர்ந்தே சுருங்குகின்றன.

இத்தகைய இணைப்பைக் கையால் செய்யும் தச்சர் முதலில் ஒரு பலகையில் வால்களை ரம்பத்தால் அறுத்து, நடுவிலுள்ள மரத்தை உளியால் கழித்து, பிறகு அந்த வால்களையே மற்றப் பலகையின் மேல் வைத்து அவற்றின் உருவத்தைக் கூரிய முனையால் கீறிக்கொண்டு, அந்தக் கோட்டை ஒட்டி முளைகளை அறுக்கிறார். இதில் உள்ள முறையைக் கவனிக்கவேண்டும். அவர் இரண்டு பலகைகளையும் தனித்தனியே அளந்து வெட்டுவதில்லை; ஒன்றைக் கொண்டே மற்றொன்றைத் தீர்மானிக்கிறார். முதல் பலகையில் ஒரு வால் சிறிது கோணலாகப் போயிருந்தாலும் அந்தக் கோணலே இரண்டாவது பலகையிலும் பதிந்துவிடுவதால் பொருத்தம் கெடுவதில்லை. யந்திரம் இதே காரியத்தை எந்த உபாயத்தால் சாதிக்கிறது என்பதுதான் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

யந்திரத்துக்கு இங்கே ஒரு பெரிய சங்கடம் உண்டு. மனிதனின் கை ரம்பத்தை முன்னும் பின்னும் ஓட்டும், உளியை நேராக இறக்கும். ஆகவே கூரிய மூலைகளை வெட்டுவது அதற்கு இயல்பு. யந்திரமோ பெரும்பாலும் சுழற்சியால் வேலை செய்வது. சுழலும் அலகு எதைத் தொட்டாலும் அங்கே வட்டத்தையோ வட்டத்தின் ஒரு பகுதியையோதான் விட்டுச் செல்லும். நான்கு பக்கமும் சதுரமான ஒரு சிறு குழியைச் சுழலும் அலகால் மாத்திரம் தோண்டிவிட முடியாது. புறாவாலின் உருவமோ கோணங்களால் ஆனது. சுழற்சிக்கும் கோணத்துக்கும் உள்ள இந்த முரண்பாட்டை எவ்வாறு சமாதானப்படுத்துவது என்ற முயற்சியே இவ்வகை யந்திரங்களின் சரித்திரம் என்று கூறினால் மிகையாகாது.

ஒரு வழியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தாம் என்பவர் கண்டார். தத்துவஞானி ஜெரமி பெந்தாமின் தம்பியான இவர், சிறைக்கைதிகளைப் போன்ற தொழிற்பயிற்சி இல்லாதவர்களைக் கொண்டே நுட்பமான மரவேலைகளைச் செய்விக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு, மரத்தை இழைக்கவும் துளைக்கவும் குடையவும் பல யந்திரங்களைக் கற்பனை செய்து 1793ஆம் ஆண்டில் விரிவானதோர் உரிமைப்பத்திரம் பெற்றார். அதில் புறாவால் பள்ளங்களை வெட்டுவதற்குக் கூம்பு வடிவமான சுழல் அலகைப் பயன்படுத்தும் யோசனையும் அடங்கியிருக்கிறது. அடியில் அகன்று கழுத்தில் ஒடுங்கிய அலகு ஒன்று சுழன்றுகொண்டே பலகையின் ஊடே நேராகச் சென்றால், அது விட்டுச்செல்லும் பள்ளம் மேலே குறுகி அடியில் அகன்றிருக்கும். சரிவைத் தருவதற்குக் கையின் பயிற்சி தேவையில்லை, அலகின் உருவமே அதைத் தந்துவிடும். இன்றைய சிறு பட்டறை யந்திரம் வரை வந்து சேர்ந்திருப்பது இந்த எண்ணமே.

ஆயினும் நடைமுறையில் முதலில் வெற்றி பெற்றது வேறொரு பாதை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்லூ என்ற ஊரைச் சேர்ந்த சார்லஸ் நாப் என்பவர், சுழற்சியைப் புறாவாலுக்கு இணங்கவைக்கப் பாடுபடுவதைக் காட்டிலும், இணைப்பின் உருவத்தையே சுழற்சிக்கு இணக்கமாக மாற்றிவிடுவது எளிது என்று கருதினார். 1867ஆம் ஆண்டில் அவர் உரிமைப்பத்திரம் பெற்ற யந்திரம், பக்கப்பலகையின் ஓரத்தை அரைவட்டங்களாக வளைத்து வெட்டி, ஒவ்வொரு அரைவட்டத்திலும் ஒரு துளையிட்டது. முன்பலகையில் அந்த அரைவட்டங்கள் அமர்வதற்கான குடைவுகளைத் தோண்டி, ஒவ்வொரு குடைவின் நடுவிலும் ஓர் உருண்ட முளையைத் தோண்டாமல் விட்டுவைத்தது. எல்லாம் வட்டமே, கோணம் என்பது எங்குமில்லை. உரிமையை வாங்கியவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் நகரில் ஒரு கம்பெனியை ஏற்படுத்தி, 1870களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளுக்கு இந்த யந்திரத்தை அளிக்கலாயினர். கைத்தேர்ந்த தச்சர் ஒருவர் நாளொன்றுக்குப் பதினைந்து அல்லது இருபது இழுப்பறைகளை முடிப்பார் என்றால், இந்த யந்திரம் 200க்கு மேல் முடித்தது என்று அக்காலச் சாமான்களை ஆராய்ந்தோர் எழுதுகின்றனர்.

நாப் அவர்களின் இணைப்பு உறுதியானது. அழகும் உடையது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இல்லங்களில் பழங்காலப் பாணிச் சாமான்கள் மீது மோகம் திரும்பியதும், புறாவாலைப் போன்று தோன்றும் இணைப்பையே வெட்டக்கூடிய யந்திரங்கள் வந்துசேர்ந்ததும், அது 1900ஆம் ஆண்டையொட்டி வழக்கொழிந்தது. இதனால் ஆராய்ச்சியாளருக்கு ஒரு லாபம் கிட்டியது. ஒரு மேசை எப்போது செய்யப்பட்டது என்பதற்குச் சீட்டோ முத்திரையோ இல்லாதபோது, இழுப்பறையின் மூலையில் பிறைகளும் நடுவே புள்ளிகளுமாக ஒரு வரிசை காணப்பட்டால், அது ஏறத்தாழ 1870க்கும் 1900க்கும் இடைப்பட்ட அமெரிக்கத் தொழிற்சாலைச் சரக்கு என்று தயக்கமின்றி அனுமானிக்கலாம். கையால் வெட்டியதாயின், அடையாளக் கீறலின் மெல்லிய கோடு வால்களின் அடியில் தங்கியிருக்கும். ரம்பம் எல்லையைத் தாண்டிச் சிறிது உள்ளே ஓடிய தடமும் குடைவின் மூலைகளில் அகப்படும். ஒரு வாலும் மற்றொரு வாலும் அச்சொட்டாக ஒத்திருக்கமாட்டா. வால்களும் முளைகளும் ஒரே அகலத்தில் ஒரே சீராக இருந்து, கழன்ற இணைப்பைத் திறந்து பார்க்கும்போது குடைவின் உட்கோடி வளைந்தும் காணப்பட்டால், சுழலும் அலகின் வேலை அது என்பதில் ஐயமில்லை.

அந்தச் சீரான வரிசையை வெட்டும் யந்திரங்கள், சாமான் தொழிலுக்குப் பேர்போன மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அலெக்சாண்டர் டாட்ஸ் என்பவரின் பெயரால் நடந்த கம்பெனி முதலியவற்றால் பெருவாரியாகச் செய்யப்பட்டன. பல அலகுகள் ஒரே வரிசையில் நின்று சுழல, ஒரே ஓட்டத்தில் இழுப்பறையின் மூலை முழுவதும் வெட்டப்பட்டுவிடும். அவற்றின் எளிய வாரிசை இன்று சிறு பட்டறைகளிலும் காணலாம். ரூட்டர் என்ற கைப்பொறி, நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்று அளவில் சுழலும் ஓர் அலகைத் தாங்கியிருக்கிறது. பற்களையுடைய உலோகச் சட்டம் ஒன்று அதற்கு வழிகாட்டுகிறது. அந்தச் சட்டத்தைச் சீப்பு என்று சொல்லுவோம். பொறியின் அடியிலுள்ள வளையம் சீப்பின் பற்களைத் தடவிக்கொண்டே உள்ளும் புறமுமாகச் செல்ல, வளையத்தின் நடுவே நீட்டியிருக்கும் அலகு மரத்தை அரிந்துகொண்டு போகிறது.

இனிக் கவனிக்கவேண்டிய விசேஷம், இரண்டு பலகைகளும் ஒரே வேளையில், ஒரே அலகால் வெட்டப்படுவதாகும். பக்கப்பலகை செங்குத்தாக நிறுத்தப்படுகிறது. முன்பலகை அதன் பின்னே கிடையாகப் படுத்து, தன் முனையால் அதன் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டின் மேல்மட்டமும் ஒன்றே. அலகு முதலில் நின்ற பலகையின் தடிமனை முழுவதும் கடந்து சென்று, பிறகு படுத்த பலகையினுள் ஓரளவு புகுந்து திரும்புகிறது. நின்ற பலகையில் அலகு கடந்த இடங்கள் காலியாகப்போக, இடையில் எஞ்சியவை வால்கள். படுத்த பலகையில் அலகு புகுந்த இடங்கள் குடைவுகளாக, இடையில் எஞ்சியவை முளைகள். வாலுக்கு நேராகக் குடைவு வரவேண்டுமாதலால், இரண்டு பலகைகளும் பல்லின் வரிசை மீளும் தூரத்தில் பாதி அளவு ஒன்றுக்கொன்று விலக்கி வைக்கப்படுகின்றன. ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடு வரையுள்ள அந்த முழுத் தூரத்தை மீள்தூரம் என்று குறிப்போம்.

குடைவின் உட்கோடி வளைந்துபோகும் என்று முன்பே சொன்னோம். வாலின் மூலை கூராக இருந்தால் அது வளைந்த கோடியில் அமராதே என்று வாசகர் வினவலாம். சீப்பின் பல்நுனிகளும் வளைந்தே செய்யப்பட்டிருப்பதால், அலகு அவற்றைச் சுற்றி வரும்போது வால்களின் உள்விளிம்பையும் அதே அளவுக்கு உருட்டிவிடுகிறது. வெட்டும்போது நம்மை நோக்கியிருக்கும் அந்த முகமே பொருத்தும்போது குடைவின் ஆழத்துக்கு முதலில் செல்வது. வட்டம் வட்டத்தில் அமர்கிறது. வெளியிலிருந்து நோக்குபவனுக்கு நேர்கோடுகள் மாத்திரமே தெரிகின்றன.

வாலின் அகலமும் குடைவின் அகலமும் தாமாகவே எவ்வாறு ஒத்துப்போகின்றன? இதற்குச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஓர் அலகு, அடியில் 12.7 மி.மீ. அகலம் உடையது, அதன் சரிவு 14 பாகை, அதாவது நான்கு மி.மீ. உயர்ந்தால் பக்கத்துக்கு ஒரு மி.மீ. ஒடுங்கும். இதை மரத்தில் 10 மி.மீ. ஆழத்துக்கு இறக்கினால், மரத்தின் மேல்மட்டத்தில் பள்ளத்தின் வாய் பக்கத்துக்கு 2.5 மி.மீ. ஒடுங்கி 7.7 மி.மீ. ஆகிறது. வளையம் பல்லிடுக்கில் சிறிதும் ஆடாமல் அமர்வதாகவும், சீப்பின் மீள்தூரம் 20.4 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். மீள்தூரத்தில் பள்ளம் போக எஞ்சுவது வால். ஆகவே வாலின் நுனி 20.4இல் 7.7 போக 12.7 மி.மீ., வாலின் அடி 20.4இல் 12.7 போக 7.7 மி.மீ. குடைவோ அலகின் அச்சே ஆதலால், அடியில் 12.7, வாயில் 7.7. வால் என்பது அலகின் நிழலுருவமாகவே வந்துவிட்டது! முளைகளுக்கும் இதே கணக்கு பொருந்துவதால் வாலும் முளையும் சமமாகின்றன. யந்திர வேலையின் அடையாளமாக மேலே கூறிய அந்தச் சமத்துவம் தச்சரின் விருப்பத்தால் வந்ததன்று, கேத்திர கணிதத்தின் கட்டாயத்தால் வந்தது.

இப்போது அலகை அரை மி.மீ.க்கும் குறைவாக, 0.4 மி.மீ. மாத்திரம் கூடுதலாக இறக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். குடைவின் அடி மாறுவதில்லை. அது அலகின் அடியகலமான 12.7 மி.மீ.தான். ஆனால் பள்ளத்தின் வாய் 7.5 மி.மீ.க்குக் குறுகிவிட்டபடியால், வாலின் நுனி 12.9 மி.மீ.க்குப் பருத்துவிடுகிறது. குடைவைவிட வால் 0.2 மி.மீ. பெரிது; கொட்டாப்புளியால் தட்டினாலும் புகாது, புகுந்தாலும் பலகையைப் பிளக்கும். அதே அளவு அலகை உயர்த்தினால், வால் 12.5 மி.மீ.க்கு இளைத்து லொடலொடவென்று ஆடும். ஆழத்தை மாற்றினால் ஆழம் மாத்திரமே மாறும் என்று எதிர்பார்க்கும் மனத்துக்கு இது விந்தையாகத் தோன்றலாம்: ஆழத்திருகே இறுக்கத்தின் திருகு. இறுக்கவேண்டுமா, அலகை இறக்கு. தளர்த்தவேண்டுமா, உயர்த்து என்பது ரூட்டர் பிடிக்கும் எல்லாத் தச்சர்களுக்கும் மனப்பாடமான விதி. ஆழத்தில் செய்யும் மாற்றத்தில் பாதியே அகலத்தில் தோன்றுவதால், திருகின் அசைவு இருமடங்கு நுட்பமாகிவிடுகிறது என்பதும் ஒரு நன்மையே. வீண் பலகையின் இரண்டு துண்டுகளை வெட்டிப் பொருத்திப் பார்த்தால், இந்த விதியை எவரும் ஐந்து நிமிஷத்தில் பிரத்தியட்சமாகச் சோதிக்கலாம்.

கைத்தச்சர் ஒரு பலகையின் உருவத்தை மற்றொன்றில் கீறிக்கொண்டாரல்லவா? யந்திரத்தில் அந்தக் கீறலின் ஸ்தானத்தை அலகின் உருவமும் சீப்பின் மீள்தூரமும் ஏற்றுக்கொண்டன. ஆழம் இரண்டு பலகைகளுக்கும் ஒரே ஓட்டத்தில் பொதுவாக அமைந்துவிடுவதால், வாலின் நீளமும் குடைவின் ஆழமும் வேறுபட வழியே இல்லை. அதற்குப் பதிலாக யந்திரம் கேட்பது முன்யோசனை. அலகு தேய்ந்து, சாணை பிடித்ததால் அடியகலம் சற்றுக் குறைந்தால், முன்னைய ஆழம் பயன்படாது. புதிதாக ஓர் ஆழத்தைத் தேடவேண்டும். பலகையின் அகலம் மீள்தூரத்தின் கணக்கோடு ஒத்துவராவிட்டால், ஒரு கோடியில் அழகான அரைமுளையும் மறுகோடியில் உடைந்த துணுக்குமாக முடியும். ஆகவே இழுப்பறையின் உயரத்தை யந்திரத்தைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. கைத்தச்சருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

வெட்டுகிறவர் அறியவேண்டிய ஆபத்து ஒன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அலகு சுழன்றுகொண்டிருக்கையில் பொறியை மேலே தூக்கவே கூடாது. தூக்கினால் அகன்ற அடி குறுகிய வாயைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து, வாலையும் சீப்பையும் ஒருங்கே பாழாக்கிவிடும். இழுப்பறை கழலாமல் இருப்பதற்கு எந்தச் சரிவு காரணமோ, அதே சரிவுதான் அலகையும் தன் பள்ளத்துக்குள் சிறைப்படுத்தி வைத்திருக்கிறது. சிறிது சிறிதாக ஆழப்படுத்திக்கொண்டு போகவும் இதனால் முடியாது; முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டியாகவேண்டும்.

சரிவின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைத்தச்சர்கள் மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, கடுமரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்ற பிரமாணத்தைக் கைக்கொள்வது மரபு. சரிவு குறைந்தால் பிடிப்பு போதாது. மிகுந்தால் வாலின் நுனிமூலைகளில் நார்கள் துண்டுபட்டு உதிர்ந்துவிடும். யந்திர அலகின் 14 பாகையோ நாலுக்கு ஒன்று. ஆழம் குறைந்த வேலைக்கு இது தகும். தடித்த பலகைக்கு 20 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால், அதே அலகின் கழுத்து 2.7 மி.மீ.க்கு இளைத்து, மரத்தின் எதிர்ப்பில் ஒடிந்துபோகும். ஆதலால் ஆழமான வேலைக்கு ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற 8 பாகை அலகை எடுக்கிறார்கள். அதன் கழுத்து அந்த ஆழத்தில் 7 மி.மீ. அளவு தடித்து நிற்கும்.

இரண்டு முகங்களிலும் முளையும் வாலும் வெளிப்படையாகத் தெரியும் திறந்த புறாவால் இணைப்புக்கு ஒரே அலகு போதாது. அங்கே முன்பலகையும் செங்குத்தாகவே நிற்கவேண்டும். அதன் முளைகளின் சரிவு முனையை மேலிருந்து நோக்கும்போது தெரிவதேயன்றி, முகத்தை நோக்கும்போது தெரிவதன்று. கூம்பலகு தரும் சரிவு இதற்கு உதவாது. ஆகவே வால்களைக் கூம்பலகாலும், முளைகளை நேரான அலகைச் சரிந்த வழிகாட்டிகளின் ஊடே செலுத்தியும் வெட்டுகிறார்கள். ஒரு பலகையில் சரிவு அலகின் உருவத்திலிருந்து வருகிறது. மற்றதில் அதே சரிவு அலகு நடக்கும் பாதையிலிருந்து வருகிறது. அலகு பலகையை முற்றும் ஊடுருவிச் செல்வதால், இங்கே வளைந்த கோடியும் மிஞ்சுவதில்லை.

ஆனால் எந்த ஜோடனையாலும் யந்திரம் தொடமுடியாத எல்லை ஒன்று இருக்கிறது. பழைய உயர்தரச் சாமான்களில், இரண்டு வால்களுக்கு நடுவே ரம்பத்தின் ஒற்றைத் தடம் அளவே அகலமுள்ள முளைகள், கோடு கிழித்தாற்போல் மெலிந்து நிற்பதைக் காண்கிறோம். யந்திரத்தில் வால்களுக்கு இடைப்பட்ட வெளி, குறைந்தபட்சம் அலகின் கழுத்து கடந்துபோகும் அளவுக்காவது இருந்தாகவேண்டும். அந்தக் கழுத்தோ, சுழற்சியின் முறுக்கைத் தாங்கும் அளவுக்கு எஃகு உள்ளதாக இருக்கவேண்டும். கணிப்பொறி செலுத்தும் நவீன யந்திரங்கள் பாதையை எவ்வளவு சிக்கலாக வேண்டுமானாலும் வகுத்துக்கொள்கின்றன, சீப்பே இல்லாமல் நாப் அவர்களின் பிறைகளையும் வெட்டுகின்றன. எனினும் அவற்றின் கையில் இருப்பதும் சுழலும் அலகே. மெலிந்த முளையும் குடைவின் உட்கோடியில் கூரிய மூலையும் வேண்டுவோர், இன்றும் மெல்லிய ரம்பத்தையும் உளியையுமே எடுக்கிறார்கள்.